பேசாத டெஸ்டரை நம்பலாமா?

எலக்ட்ரிக்கல் கடைகளில் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டருக்குப் போட்டியாக இன்னொரு கருவி சில ஆண்டுகளாகத் தொங்குகிறது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். முனை பிளாஸ்டிக். ஒயரின் மேல் வைத்தாலே போதும். உள்ளே கரண்ட் இருந்தால் சிவப்பு விளக்கு மின்னிக் கீச்சிடும். உறையைச் சுரண்ட வேண்டாம், பிளக் ஓட்டைக்குள் கம்பியை நுழைக்க வேண்டாம். வாங்கிய புதிதில் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ், கிரைண்டர், கொசுவிரட்டி என்று ஒன்றையும் விடாமல் அதை வைத்துப் பார்த்துவிடுவார்.

கருவி நல்ல கருவிதான். அது கத்தும்போது யாருக்கும் ஆபத்தில்லை, கையை எடுத்துக்கொள்வார்கள். கத்தாதபோதுதான் சிக்கல். கத்தவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று முடிவுகட்டி ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. அவர்களில் எத்தனை பேர் ஒரு டெஸ்டரை நம்பிக் கைவைத்தவர்கள் என்று அந்த அறிக்கைகள் பிரித்துச் சொல்வதில்லை.

இந்தப் பேனாவுக்குள் இருக்கும் சுற்று, பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களின் செல்லப் புராஜெக்ட்டும்கூட. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஓர் ஐ.சி., ஓர் எல்இடி, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு முழம் கம்பி எல்லாம் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஒரு மாலைக்குள் வேலை முடிந்துவிடும். தேர்வாளர் முன்னால் சுவிட்ச்போர்டு அருகே கொண்டுபோனால் எல்இடி மின்னும், மதிப்பெண் விழும். தப்பு தொடங்குவதும் அங்கேதான். கரண்ட் இருக்கிற இடத்தில் மின்னுவது சுலபமான பாதி வேலை. ‘இல்லை’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்தக் கடினமான பாதியை வகுப்பறையும் சந்தையும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

தொடாமல் எப்படித் தெரிகிறது? ஒயருக்குள் இருக்கும் செம்பை ஒரு தகடாகவும், டெஸ்டர் முனைக்குள் ஒளிந்திருக்கும் சிறு உலோகத் துண்டை மறு தகடாகவும் வைத்துக்கொண்டால், நடுவில் பிவிசி உறையும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் காற்றும். இரண்டு தகடும் நடுவே மின்கடத்தாப் பொருளும் இருந்தால் அது கண்டென்சர். மின்விசிறிக்குள் இருக்கும் கண்டென்சர் இரண்டு மூன்று மைக்ரோஃபாரட் இருக்கும்; இது ஒரு பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும், சில நேரம் அதற்கும் கீழே. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஒரு பிகோஃபாரட் காட்டும் தடை சுமார் 318 கோடி ஓம். 230 வோல்ட்டை அதன் குறுக்கே வைத்தால் ஓடக்கூடியது 72 நானோஆம்பியர். ஓர் ஆம்பியரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஏழு பங்கு. இவ்வளவுதான் மூலதனம், மொத்தச் சுற்றும் இதை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும்.

அந்த ஏழு பங்கும் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். முனையிலிருந்து சுற்றுக்குள் வந்து, பிடித்திருப்பவரின் கை வழியாக உடம்புக்குப் போய், உடம்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள இன்னொரு கண்டென்சர் வழியாக பூமியைச் சேர்கிறது. மனித உடம்புக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ 100 பிகோஃபாரட் இருப்பதாக எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை மூன்று கோடி ஓம் சொச்சம். முனைப் பக்கத்து 318 கோடியோடு பார்த்தால் அது கணக்கிலேயே வராது. ஆனால் டெஸ்டரைப் பிடித்திருக்கும் ஆளும் சுற்றின் ஓர் உறுப்பு என்பது இதிலிருந்து வருகிறது. அவர் எங்கே நிற்கிறார், எதன்மேல் சாய்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் பொறுத்து அந்த உறுப்பு மாறும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கிளாம்ப் மீட்டர் காந்தப் புலத்தைப் பார்ப்பது. பல்பு எரிந்தால்தான் அதற்கு ஏதாவது தெரியும். இந்தப் பேனா மின்புலத்தைப் பார்க்கிறது. எதுவும் இணைக்காமல் சும்மா தொங்கும் ஃபேஸ் ஒயர் கிளாம்ப் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும், ஆனால் ஆளைக் கொல்லும். அதைக் கண்டுபிடிப்பதில் பேனாவை அடிக்க ஆளில்லை.

நானோஆம்பியரை எல்இடி எரிக்கும் அளவுக்கு வளர்க்க மாணவர்கள் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதலாவது, மூன்று பிசி547 டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது. ‘பி’ ரகத்தில் ஒவ்வொன்றும் குறைந்தது 200 மடங்கு பெருக்கும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாள் சொல்கிறது. இருநூறை மூன்று முறை பெருக்கினால் 80 லட்சம். ஒரு நானோஆம்பியர் உள்ளே போனால் எட்டு மில்லி ஆம்பியர் வெளியே வரும், எல்இடி பளிச்சென்று எரியும். காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 200 என்பது டிரான்சிஸ்டரில் இரண்டு மில்லி ஆம்பியர் ஓடும்போது அளந்தது. கரண்ட் குறையக் குறைய பெருக்கமும் குறையும். நானோஆம்பியரோடு மல்லுக்கட்டும் முதல் டிரான்சிஸ்டருக்கு 200 கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் பெருக்கம் வேறுபடும், வெயில் ஏறினாலும் மாறும். ஒரே வரைபடத்தைப் பார்த்து இரண்டு மாணவர்கள் செய்த கருவிகள் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

இரண்டாவது வழி சிமாஸ் ஐ.சி. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த 4000 வரிசையின் வாரிசுகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. அந்த வரிசையில் சிடி4017 என்பது பத்து வரை எண்ணும் ஐ.சி. அதன் 14-ஆம் காலில் வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண் நகரும். அந்தக் காலில் ஒரு கம்பியைச் சொருகி, 13, 15-ஆம் கால்களை நெகட்டிவில் கட்டிவிட்டால், பக்கத்தில் உள்ள ஃபேஸ் ஒயரின் ஒவ்வோர் அலையையும் அது எண்ணத் தொடங்கும். நொடிக்கு 50 அலை. பத்துக்கு ஒருமுறை எல்இடி எரியும். ஆக நொடிக்கு ஐந்து மின்னல். கண்ணால் பார்த்தே, வருவது 50 ஹெர்ட்ஸ்தான் என்று ஊகித்துக்கொள்ளலாம். உள்ளீட்டுக் கால் இழுக்கும் கரண்ட் சாதாரணமாகப் பத்துப் பிகோஆம்பியர் அளவே என்பதால் 72 நானோஆம்பியர் அதற்குப் பெரும் செல்வம். இந்த ஐ.சி.யை வடிவமைத்தவர்கள் இப்படியொரு பயன்பாட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் இது அழகான யுக்தி என்பதில் சந்தேகமில்லை.

அழகில் ஒரு குறை. காலில் வெறும் கம்பியை மட்டும் தொங்கவிட்டால் சுற்றுக்கு வெறிபிடித்துவிடும். சுவரிலிருந்து ஓரடி தள்ளியே மின்னும், விரலைக் காட்டினால் மின்னும், பேசாமல் மேஜையில் வைத்தாலும் மின்னும். நகரத்து வீட்டில் நம் உடம்பே எப்போதும் கொஞ்சம் 50 ஹெர்ட்ஸைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அடக்குவதற்காகக் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். எவ்வளவு? பத்து மெகாஓம் போட்டால் 72 நானோஆம்பியர் அதில் 0.72 வோல்ட்தான் எழுப்பும்; ஒன்பது வோல்ட்டில் ஓடும் சிமாஸ் ஏறத்தாழப் பாதியில், 4.5 வோல்ட் வாக்கில் மாறுவது, ஆகவே ஒயரைத் தொட்டு வைத்தாலும் மூச்சுவிடாது. நூறு மெகாஓம் போட்டால் ஏழு வோல்ட் எழும், வேலை நடக்கும். டெஸ்டரின் புத்தியும் பைத்தியமும் இந்த ஒரு ரெசிஸ்டரில் அடங்கியிருக்கிறது.

இப்போது அந்தச் சுற்றைச் சென்னையின் மழைக்காலத்துக்குக் கொண்டுபோகலாம். பலகையில் துடைக்காமல் விட்ட சால்டரிங் பசை, அதன்மேல் தூசி, அதன்மேல் ஈரம், அதைப் பிடித்திருக்கும் வியர்த்த கை. அருகருகே இருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே பத்து மெகாஓம் அளவுக்குக் கசிவு விழுந்தால் போதும். நூறு மெகாஓம் போட்ட கணக்கு அடிபட்டுப் போகும். கருவி உடையவில்லை, பேட்டரியும் தீரவில்லை, ஆனாலும் ஊமையாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

பொய்யாகக் கத்துவதையும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் சீப்பைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு அருகில் கொண்டுபோனால் பேனா கீச்சிடும். 1600-இல் வில்லியம் கில்பர்ட், தேய்த்த அம்பரை நோக்கித் தானே திரும்பும் ஓர் ஊசியைச் செய்து காட்டினார். தொடாமல் மின்சாரத்தைக் காட்டிய முதல் கருவிகளில் அது ஒன்று. இன்றைய பேனாவால் அந்த அம்பரையும் 230 வோல்ட்டையும் தெளிவாகப் பிரித்தறிய முடியவில்லை. ஃபேஸ் ஒயரோடு ஒரே குழாயில் படுத்திருக்கும் செத்த ஒயரும் கண்டென்சர் வழியாகக் கொஞ்சம் மின்னழுத்தம் வாங்கிக்கொள்ளும். சுவிட்சை அணைத்த பிறகும் சில வீடுகளில் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறதே, அதற்குப் பல நேரம் காரணம் இந்தக் கசிவுதான். இவையெல்லாம் எரிச்சல் தருபவை. ஆபத்து குறைவு.

மௌனம் அப்படியல்ல. காய்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்போடு ஏறி நிற்பவருக்கும் பூமிக்கும் உள்ள தொடர்பு மெலிந்துவிடும். அவர் தோள் பக்கத்தில் வேறொரு ஃபேஸ் ஒயர் ஓடினால் உடம்பே அந்த மின்னழுத்தத்தை நோக்கி ஏறிக்கொள்ளும். முனைக்கும் கைக்கும் வித்தியாசம் குறைந்து கருவி வாயை மூடிக்கொள்ளும். ஒயர் இரும்புக் குழாய்க்குள் போனாலோ, கவசம் போட்ட நிலத்தடிக் கேபிளாக இருந்தாலோ மின்புலம் வெளியே வராது. மூன்று ஃபேஸும் ஒரே கேபிளில் ஓடும்போது அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். ஈரச் சுவர் புலத்தை மறைக்கும். பேட்டரி இறங்கிப்போயிருக்கலாம். வீட்டு நாய் குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று யாரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை. இந்தப் பேனா விஷயத்தில் மட்டும் தூங்குகிறோம்.

பழைய நியான் டெஸ்டர் இதைவிட மேலா? அதற்கும் பாதி வியாதி உண்டு. நியான் விளக்கு, ஒரு பெரிய ரெசிஸ்டர், பிடித்திருப்பவரின் உடம்பு, மூன்றும் சேர்ந்துதான் அதன் சுற்று. மர ஸ்டூலில் நின்றால் மங்கும், நண்பகல் வெயிலில் எரிவது தெரியாது, உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் பழுதாகிக் குறுக்குச் சுற்றானால் சோதிப்பவரையே தாக்கும். ஆனாலும் நியூட்ரல் அறுந்த வீட்டில் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்து, ‘ரிட்டர்ன் வருது’ என்று எலக்ட்ரீஷியனைச் சொல்லவைப்பது அதுதான். இந்த வகையில் உண்மையாக நம்பத்தக்கது இரு முனை டெஸ்டர். ஒரு முனை ஃபேஸிலும் மறுமுனை நியூட்ரலிலோ எர்த்திலோ படும், ஆள் சுற்றுக்குள் வரமாட்டார். ஐஇசி 61243-3 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கென்றே இருக்கிறது. கரண்ட் நின்றுவிட்டதை உறுதிப்படுத்த பிரிட்டனில் எலக்ட்ரீஷியன்களிடம் எதிர்பார்ப்பதும் இந்தக் கருவியைத்தான். நம் ஊர் மூத்த ஒயர்மேன்கள் ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு ஒயரோடு தூக்கித் திரியும் டெஸ்ட் லாம்ப் இதன் முரட்டு அண்ணன். செத்த ஒயர் வாங்கிக்கொள்ளும் அந்தப் பேய் மின்னழுத்தத்துக்கெல்லாம் அது எரியாது, ஆனால் உரித்த முனைகளும் உடையக்கூடிய கண்ணாடியும் அதன் சாபம்.

பேனாவின் மௌனத்தை நம்பலாமா என்ற கேள்வி இப்போது மொட்டைமாடிக்கும் ஏறியிருக்கிறது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு என்ற இலக்கோடு 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்யகர் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தாலே 250 வோல்ட்டைத் தாண்டும். அது நேர்மின்சாரம், அலையடிக்காது. அலையில்லாத இடத்தில் கண்டென்சர் வழியாக எதுவும் ஓடாது. பேனா வாயே திறக்காது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகட்டுப் பக்கத்து ஒயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். வீட்டு ஒயரிங்கில் பல ஆண்டுகள் பழகிய ஒருவர் சட்டைப்பையில் இதே பேனாவோடு அந்த மாடிக்குப் போவார் என்பதை எதிர்பார்த்தே எச்சரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மௌனத்துக்கு அர்த்தம் கொடுக்கும்படி வடிவமைக்கலாம், அது பெரிய செலவும் இல்லை. ஃப்ளூக் நிறுவனத்தின் 1ஏசி-II போன்ற கருவிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு, உயிரோடு இருப்பதைக் காட்ட அவ்வப்போது மின்னுகின்றன. மாணவர் சுற்றிலும் இது முடியும். சிடி4093 ஐ.சி.க்குள் நான்கு கேட் இருக்கின்றன. ஒன்று முனையைக் கவனிக்கட்டும். இன்னொன்றை 50 ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டராக்கி, பட்டனை அழுத்தும்போது மிகச் சிறிய கண்டென்சர் வழியாக முனைக்கே அந்தத் துடிப்பைக் கொடுக்கட்டும். எல்இடி மின்னினால் பேட்டரி, பலகை, ரெசிஸ்டர், பஸ்ஸர் எல்லாம் ஒரே அடியில் சோதிக்கப்பட்டுவிடும். பலகையில் ஈரக் கசிவு இருந்தால் அதுவும் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் ஏணி, இரும்புக் குழாய் போன்ற வெளிக் காரணங்களை இந்தப் பட்டன் கண்டுபிடிக்காது.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் புராஜெக்ட்டுகளில் ஆன்டெனா என்ற பெயரில் உரித்த செம்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது தவறி ஃபேஸில் பட்டால், சுற்று, பேட்டரி, கை, தரை என்று 230 வோல்ட்டுக்கு நேர்வழி திறந்துவிடும். முனை முழுதாகப் பிளாஸ்டிக்குக்குள் இருக்க வேண்டும். அதோடு முனைக்கும் ஐ.சி.க்கும் நடுவே 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட வேண்டும். உறை உடைந்தாலும் பாயக்கூடியது 25 மைக்ரோஆம்பியருக்குள் நின்றுவிடும், உடம்புக்கு உறைக்காது. 318 கோடி ஓமுக்கு முன்னால் ஒரு கோடி ஓம் கூடினால் உணர்திறனும் குறையாது. ஒன்றுக்கு இரண்டாகப் போடுவது ஏன்? சாதாரணக் கால்வாட் ரெசிஸ்டர் தாங்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் 250 வோல்ட் அளவில். நம் மெயின்ஸின் உச்சமோ 325 வோல்ட். ஒன்று குறுக்குச் சுற்றானாலும் மற்றது காக்கும் என்பது கூடுதல் லாபம். சில்லறைக் காசு விஷயம். ஆனால் மாணவர்களிடையே சுற்றுகிற வரைபடங்களில் இது அபூர்வமாகவே தென்படுகிறது.

விற்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். ‘கத்தாவிட்டாலும் கரண்ட் இருக்கலாம், சோலார், பேட்டரி ஒயர்களில் இது வேலை செய்யாது’ என்று அட்டையின் முன்பக்கத்தில் தமிழில் பெரிதாக அச்சிடலாம். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போடுவது வழக்குக்கு உதவும், வாடிக்கையாளருக்கு உதவாது. மின்கருவிகளுக்கான தர விதிகளை எழுதும் அமைப்புகள் இதைக் கட்டாயமாக்கினால் தயாரிப்பாளர்களுக்கு நேரும் நஷ்டம் ஒரு வரி மையின் விலை.

மின்வாரிய லைன்மேன்கள் வேலைக்கு முன் எல்.சி. (லைன் கிளியர்) எடுக்கிறார்கள், லைனை எர்த் செய்கிறார்கள். அணைத்த லைனிலும் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வரலாம் என்று பட்டுத் தெரிந்தவர்களின் ஒழுங்கு அது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70இ தரநிலை இன்னொரு படி சேர்க்கிறது: சோதிக்கும் முன்பும் சோதித்த பின்பும், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் பவர்கட் என்றால் அப்படியோர் இடம் கிடைக்காது. அப்போது கைகொடுப்பது மேலே சொன்ன சோதனைப் பட்டன்.

ஐடிஐ, பாலிடெக்னிக் தேர்வாளர்கள் இந்த ஆண்டிலிருந்தே ஒரு மாற்றம் செய்யலாம். இந்தச் சுற்று புராஜெக்ட்டாக வந்தால், அது மின்னும் இடத்துக்குப் பாதி மதிப்பெண்; மீதிப் பாதிக்கு, கரண்ட் இருந்தும் அது மின்னாத மூன்று இடங்களை மாணவர் ஆசிரியர் மேற்பார்வையில் செய்து காட்ட வேண்டும், காரணத்தோடு. தேவைப்படும் உபகரணம் ஓர் இரும்புக் குழாய், ஒரு மர ஏணி, ஒரு சோலார் தகடு. முதல் இரண்டும் எல்லாக் கல்லூரிகளிலும் ஏற்கெனவே ஏதோ ஒரு மூலையில் கிடக்கின்றன.